படத்தில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் சுவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் கரியால் வரைந்த ஒரு பெண்ணின் முகம், நெற்றியில் அசல் குங்குமப் பொட்டு. படத்துக்குப் பொட்டு வைத்திருந்தால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்றுதானே அர்த்தம்? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள்கூட ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு, “எப்பளா மரிச்சது சேச்சி?” என்று மலையாளத்தில் என் அக்காவிடமே கேட்டான். அந்தப் படத்தில் இருப்பவளே அவள்தான். அக்கா அசரவில்லை. “காலையில வேலைக்குப் போனவ இப்பத்தான் வந்து உன் முன்னால நிக்கேன். சிலிண்டர உள்ள கொண்டு வையி” என்றாள்.

என் அக்கா மாடம்மாளை நானே புகழக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அவள்தான் அடுக்களைக்கு அதிகாரி. முதலாளி வேறு ஒருவர்; அது அவருக்கே சில சமயம் மறந்துபோகும். சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அக்கா ஒரு தரம் முகத்தைச் சுளித்தால், மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் கலைச்செல்வி, அதே லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். அறைக்குச் சாவி கொடுப்பது நான், வயிற்றுக்குச் சோறு போடுவது அவள். இதில் யாருக்கு மரியாதை அதிகம் என்று நீங்களே சொல்லலாம்.

நாங்கள் பிறந்தது போனக்காடு தேயிலைத் தோட்டத்தில். எங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அப்பா காட்டில் மரம் விழுந்து செத்தபோது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்து கிள்ளப் போனாள். நான் படித்தேன். இதை நான் இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அவள் முதுகைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். தோட்டத்தில் வேலை நின்றுபோனதும் அத்தான் சொரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு முதலில் கீழே இறங்கியவளும் அவள்தான். அத்தான் தம்பானூரில் பரோட்டா மாஸ்டராக இருந்தார், நல்ல மனுஷன், ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை. பதினாறாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் பொட்டை அழிக்கச் சுற்றி வந்து நின்றார்கள். அக்கா அழுதுகொண்டே, “கைய எடுங்க. என் நெத்தி அது” என்றாள். எடுத்துவிட்டார்கள். அன்று அவளைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இப்போதும் தினமும் காலையில் நாலணா அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள்.

இனிப் படத்துக்கு வருகிறேன்.

போன ஓணம் கழிந்த சமயத்தில் லாட்ஜ் சுவரில் யாரோ ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார்கள். கரியால் வரைந்த ஒரு கிழவரின் முகம், கீழே மலையாளத்தில் நாலு வரி. பாத்திரக்காரனோடு சண்டை போட வெளியே வந்த அக்கா சண்டையை அப்படியே விட்டுவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

“ஏட்டி, இது நம்ம கோலப்பன் மாமா இல்ல?”

மாமாதான். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருக்கிற அதே முகம். நான் போஸ்டரைப் படித்துச் சொன்னேன். வேலாயுதன் என்ற ஓவியர் காலமாகிவிட்டார். யாருக்கும் அதிகம் தெரியாதவர். அவருடைய கரி ஓவியங்களை வழுதக்காட்டில் ஒரு ஹாலில் காட்சிக்கு வைக்கிறார்கள். அவர் வரைந்த படம் வைத்திருப்பவர்கள் காட்சியை நடத்தும் ஷாஜி என்பவரை அழைக்கவும். 

“டிராயிங் சார் போய்ட்டாரா” என்றாள் அக்கா. பிறகு, “நம்பரப் போடு” என்றாள்.

வேலாயுதன் சார் விதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர். லீவு நாளில் பஸ் ஏறி போனக்காட்டுக்கு வந்து, நிறுவைக் கொட்டகையில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து எங்கள் ஆட்களை வரைவார். தேயிலைக் குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்து அடுப்பில் போட்டுக் கரியாக்கி, அதைக் கொண்டுதான் வரைவார். எங்கள் வீட்டு அடுப்பிலும் அந்த டப்பா வெந்திருக்கிறது. “ஒரு வாத்தியாருக்கு வேற ஜோலி இல்லியா” என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே விறகைத் தள்ளிக் கொடுப்பாள்.

ஷாஜி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கூடவே ஆதர்ஷ் என்று ஒரு பிள்ளை. பழைய படங்களைப் பார்த்து, யார் வரைந்தது, எந்த நிலையில் இருக்கிறது, என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவன் தொழில். அவன் எழுதிக் கொடுத்தால்தான் படம் ஹாலுக்குள் போகும் என்று ஷாஜி முதலிலேயே சொல்லிவிட்டார். அக்கா அன்று லீவு போட்டிருந்தாள். அவள் லீவு போட்டு நான் பார்த்தது அத்தான் செத்த போதுதான். அவளுக்கு ஒரே ஆசை. விலைக்கு விற்க வேண்டாம், பரிசு வேண்டாம், கோலப்பன் மாமா தொங்குகிற சுவரில் தானும் தொங்க வேண்டும், அவ்வளவுதான். “நாலு பேரு செருப்பக் கழட்டாம நின்னு என்னையப் பாக்கட்டும்” என்றாள்.

ஆதர்ஷ் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து, ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துப் படத்தை வெளியே எடுத்தான். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. தலையில் முக்காடாகக் கட்டிய துணி, நனைந்து கன்னத்தில் ஒட்டிய முடி, கேமராவுக்குச் சிரிப்பதுபோல் சிரிக்காத வாய். ‘சீக்கிரம் முடிங்க, எனக்கு வேலை இருக்கு’ என்று சொல்கிற கண். அக்கா பத்தொன்பது வயதிலேயே அக்காவாகத்தான் இருந்திருக்கிறாள்.

“படம் அசலாக்கும்” என்றான் ஆதர்ஷ். தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசினான். “ஒப்பு இல்ல, கையெழுத்துப் போடல. ஆனாலும் இந்தக் கை சாரோட கைதான். முடி வரைஞ்சிருக்கிற விதம் பாருங்க, வேற ஆருக்கும் இது வராது. நான் கண்டதில இதுதான் பெஸ்ட்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கொழுந்து நிறுவையில் முதல் ஆளாக வந்த நாட்களில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“பக்ஷே ஒரு பிரச்னம் உண்டு” என்றான். விரல் படாமல் நெற்றியைக் காட்டினான். “இந்தக் குங்குமம். பின்ன ஆரோ பூஜைக்கு வச்சதுதானே? எண்ணெய் வேற. சுத்தியும் கறை பிடிச்சிருக்கு. ஒரு கரி ஓவியத்தில இது டேமேஜ். மதிப்புல பாதி இங்க போயிடும்.”

“எடுத்துடலாம்” என்றார் ஷாஜி. “கொச்சியில ஆள் உண்டு. சுத்தமா எடுத்துத் தருவாங்க. செலவு ஞங்ஙள் பாத்துக்கலாம். சாரோட படங்கள் எல்லாம் வெறும் கறுப்பும் வெளுப்பும். அதுக்கு நடுவுல இந்தச் சிவப்பு இருந்தா ஒத்துப்போகாது சேச்சி. எடுத்தா வைக்கலாம், எடுக்கலேன்னா பாடா, வைக்க முடியாது.”

எனக்குச் சத்தியமாக அந்த நிமிஷத்தில் சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. பொட்டு போனால் போகட்டும், அவள் ஆசைப்பட்டது நடக்குமே. ஆனால் அக்கா எழுந்துவிட்டாள்.

“அப்ப படம் இங்கயே இருக்கட்டும். சட்டத்த மாட்டிக் குடுத்துட்டுப் போங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

“சேச்சி, ஒரு பொட்டுக்காக வேண்டியா...”

“எங்க அம்ம வச்சது.”

ஷாஜிக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அம்மா பிள்ளைக்குப் பொட்டு வைப்பது உலகத்தில் நடக்காத காரியமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா சொல்ல மாட்டாள் என்று தெரியும், அதனால் நானே சொன்னேன்.

எங்கள் அம்மா பேச்சியம்மாள். அப்பா செத்த பதினாறாம் நாள் அவளுடைய பொட்டை அழித்தார்கள். அதோடு குங்குமச் சிமிழைத் தொடுவதை அவள் விட்டுவிட்டாள். தன் நெற்றிக்கு மட்டுமல்ல. எங்கள் நெற்றிக்கும் வைக்க மாட்டாள். தாலி அறுத்தவள் கை பட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று யார் அவள் மனதில் போட்டார்களோ, அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். விசேஷ நாளில் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு எங்களுக்குப் பொட்டு வைக்கச் சொல்லிவிட்டு, தான் அடுப்பங்கரையில் நின்று எட்டிப் பார்ப்பாள். எங்கள் கல்யாணங்களில்கூட அப்படித்தான்.

அந்தப் படம் வரைந்த அன்று நல்ல மழை. கூடையை இறக்கிவிட்டு அக்கா அப்படியே வந்து கொட்டகையில் உட்கார்ந்தாள். மழையிலும் வியர்வையிலும் பொட்டு கரைந்து போயிருந்தது. சார் கண்ணால் கண்டதை வரைந்தார். முடித்துவிட்டு எல்லாரும் பார்க்கட்டும் என்று தூணில் சாய்த்து வைத்தார். ஆட்கள் கூடி நின்று, “மாடம்மா அப்படியே இருக்காளே” என்று சிரித்தார்கள். அம்மா பின்னாலிருந்து விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். கல்யாணம் ஆகாத தன் மகள், வெறும் நெற்றியோடு. தன் நெற்றியைப்போலவே.

அம்மா திரும்பி மழையில் வீட்டுக்கு ஓடினாள். சாமி மாடத்திலிருந்து சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். மோதிர விரலில் எண்ணெய் தொட்டு, குங்குமத்தில் ஒற்றி, எல்லார் முன்னாலும் அந்தத் தாளின் நெற்றியில் அழுத்தி வைத்தாள். வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. ஒரு கிழவி மட்டும், “என்ன காரியம்டி செய்தே” என்றாள். அம்மா விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து அழுதாள்.

“அவ கையால அக்காவுக்கு வச்ச பொட்டு அது ஒண்ணுதான்” என்று ஷாஜியிடம் சொன்னேன். “நெத்தியில வைக்கப் பயந்தவ, தாள்ல வச்சா. அதக் கொச்சிக்கு அனுப்பி எடுக்கணுமா? எடுத்து எங்க வைப்பீங்க?”

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். ஷாஜி காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரும் நல்ல ஆள்தான்.

ஆதர்ஷ்தான் கேட்டான். “பின்ன சார் என்ன செய்தார்? பொட்டு வச்ச பிறகு?”

நான் யோசித்தேன். “ஒண்ணும் சொல்லல. படத்த எடுத்து மடியில வச்சுக்கிட்டு மறுபடியும் என்னமோ செஞ்சுக்கிட்டிருந்தாரு. மழைத் தண்ணி தெறிச்சதச் சரி பண்ணுதாருன்னு நெனச்சோம். பிறகு அம்மகிட்டக் குடுத்துட்டு, ‘இது உங்க வீட்டுல இருக்கட்டும்’னுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டாரு.”

“மறுபடியும் கரி எடுத்தாரா?”

“எடுத்தாரு” என்றாள் அக்கா. “டப்பாவத் தொறந்தாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்த டப்பா மூடி என் கால்ல விழுந்துச்சு.”

ஆதர்ஷ் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். பையிலிருந்து சின்ன டார்ச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்தான். டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் மேசையோடு மேசையாகப் பிடித்துக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். போகட்டும், இங்கேயே இருக்கட்டும் என்று வாயால் சொன்னவள்தான்; மனதில் இன்னும் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மே” என்று கூப்பிட்டான் ஆதர்ஷ். அதுவரை சேச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். “இங்க வந்து நோக்கு.”

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு நான். பொட்டின் கீழ் விளிம்பில், சிவப்பின் மேல், முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு வளைந்து போனது. கோட்டுக்கு அடியில் குங்குமம். குங்குமத்துக்கு மேலே கரி.

“பொட்டு பின்ன வந்தா, சிவப்புதான் மேல இருக்கணும்” என்றான் ஆதர்ஷ். “இது அவரு பொட்டுக்கு நிழல் போட்டது. புருவம் நோக்கு, இரண்டாமத்த தரம் கனமாக்கியிருக்காரு, சிவப்புக்குச் சரியா நிக்கணும்னு. மூக்குல கொஞ்சம் குங்குமம் உதிர்ந்திருக்கு. அதைத் தட்டிவிடாம, அதுக்கும் ஒரு நிழல்.” நிமிர்ந்து ஷாஜியைப் பார்த்தான். “இது டேமேஜ் இல்ல. இதைக் கூட்டித்தான் அவரு படத்தை முடிச்சிருக்காரு. பொட்டை எடுத்தா சாரோட கோட்டையும் எடுத்துக் களயணும். இது எடுக்கான் பாடில்லா, எடுக்கக் கூடாது.”

ஷாஜி தானும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்படின்னா பின்ன இதை நடுவுல வைக்கணும்” என்றார். 

ஊரே வாயடைத்து நின்றபோது, அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத அந்த வாத்தியார், அவள் வைத்த பொட்டுக்கு உட்கார்ந்து நிழல் போட்டிருக்கிறார். இத்தனை காலம் அது எங்கள் சுவரில் இருந்திருக்கிறது, தூசி தட்டிய எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவும் அது தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். தெரிந்திருந்தால் அந்த விரலை அத்தனை துடைத்திருக்க மாட்டாள்.

“ஒப்பு போடாததும் இதுனாலதானோ என்னமோ” என்றான் ஆதர்ஷ். “இது தன்னோடது மாத்திரம் இல்லன்னு...”

“அதெல்லாம் இல்ல மோனே” என்றாள் அக்கா. “கடைசி பஸ் ஹாரன் அடிச்சிட்டான். மனுசன் செருப்பக்கூட விட்டுட்டு ஓடினாரு.”

நான் பெரிய தியாகி இல்லை, அதனால் மெதுவாகக் கேட்டேன்: “இப்ப இது என்ன பெறும் தம்பி?” ஆதர்ஷ் வாயைத் திறந்தான். “சொல்லாத” என்றாள் அக்கா. “இவ கேட்டா ராத்திரி தூங்க மாட்டா. ஒம் பேப்பர்ல எழுதி உறையில போட்டு ஒட்டி வச்சிரு.” இன்றுவரை அந்த உறையை என்னிடம் காட்டவில்லை.

பிறகு அவன் படத்துக்குக் கீழே வைக்கிற அட்டைக்காக விவரம் எழுதிக்கொண்டான். எழுதியதை உரக்க வாசித்தான். “மாடம்மாள், போனக்காடு. தாளில் கரியும் குங்குமமும். ஓவியர் வேலாயுதன்.” சரிதானே என்று அக்காவைப் பார்த்தான். மற்ற படங்களுக்கெல்லாம் ‘தோட்டத் தொழிலாளி’ என்று மட்டும்தான் இருக்கும், பெயர் தெரியாது, உங்களுக்குத்தான் பெயரோடு வருகிறது என்று ஷாஜி சொன்னார். நான் பூரித்துப் போய்த் தலையாட்டினேன். முதல் வேலையாகக் கோலப்பன் மாமாவின் பெயரையும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

அக்கா தலையாட்டவில்லை. “கரி யாரு வச்சது?” என்று கேட்டாள்.

“வேலாயுதன் சார்.”

“குங்குமம்?”

ஆதர்ஷ் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஷாஜி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அப்படி வழக்கம் இல்லை, ஓவியர் என்றால் ஒருவர்தான் என்று. ஆதர்ஷ் கையைக் காட்டி அவரை நிறுத்தினான். “அம்மையோட பேரு இன்னொரு தரம் சொல்லணும்” என்றான். நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

காட்சி தொடங்கிய அன்று அக்கா அடுக்களை ஆட்கள் அத்தனை பேரையும் குளிக்கச் சொல்லி, வெளுத்த சட்டை போடச் சொல்லி, வழுதக்காட்டுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று லாட்ஜில் மத்தியானச் சாப்பாடு கிடையாது. முதலாளியும் எங்களோடு வந்துவிட்டார், சமைக்க ஆள் இல்லாமல் அவர் மட்டும் அங்கே என்ன செய்வார்? ஹாலில் ஏகப்பட்ட பேர். நடுச்சுவரில் படம். கறுப்பும் வெள்ளையுமான அத்தனை முகங்களுக்கு நடுவில் அந்த ஒரே சிவப்பு வாசலிலிருந்தே தெரிந்தது.

அட்டையில் மேலே மலையாளம், கீழே தமிழ். அக்கா சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வைத்து வாசித்தாள்.

மாடம்மாள், போனக்காடு.
கரி: வேலாயுதன்.
குங்குமம்: பேச்சியம்மாள்.

பக்கத்தில் நின்ற ஒரு டீச்சரம்மா படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது நிங்ஙளாணோ?” என்று கேட்டார். அக்கா ஆமாம் என்றாள். “அப்போ ஈ பேச்சியம்மாள் ஆரா? அவரும் ஆர்ட்டிஸ்டா?”

அக்கா திரும்பி நின்றாள். தோட்டத்திலும் தம்பானூரிலும் அவள் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்லிக் கேட்டதில்லை.

“எங்க அம்ம” என்றாள். “எனக்குப் பொட்டு வச்சவ.”